நடுவழியில் விடாத ஐராவதம்

ஒரு காட்டில், தார் ரோடு போட்டு முடித்த பிறகு, ஒரு கரடி இருந்தது. அந்தக் கரடியிடம் ஒரு ஜீப் இருந்தது. கரடி பேசியது என்றால் தலையாட்டிக்கொண்டு கேட்கிற நீங்கள், ஜீப் ஓடியது என்றால் மட்டும் சிரிப்பீர்கள். எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்டின் பெயர் கருங்கொம்பை. கரடியின் பெயர் பொன்னுரங்கம். ஜீப்பின் பெயர் ஐராவதம். இந்தப் பெயருக்கு யானைகள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்திருந்தன. பொன்னுரங்கம் அந்தக் கடிதத்தை எட்டாக மடித்து, லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்த இடது கதவின் இடுக்கில் செருகியது. அன்றோடு கதவின் ஆட்டம் நின்றது. யானைகளைப் போல உதவுகிறவர்கள் கிடையாது என்று பொன்னுரங்கம் அதன் பிறகு எல்லோரிடமும் சொல்லி வந்தது.

ஐராவதத்துக்கு வயது இருபத்தொன்பது. மனிதர்கள் முதலில் ஓட்டி, பிறகு தள்ளி, கடைசியில் விட்டுவிட்டுப் போன வண்டி. நான்கு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. மலை ஏறும், ஆற்றில் இறங்கும், சேற்றில் புரளும், பாறை மேல் தவழும். ரோட்டில்தான் கொஞ்சம் தயங்கும்.

இந்த வண்டியைப் பற்றிப் பொன்னுரங்கம் ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தது. கல்யாண வீட்டில் சொல்லும், துக்க வீட்டிலும் சொல்லும். "பதினாலு வருசமா வெச்சிருக்கறன். ஒரு நாளாச்சும் அவன் என்னை நடுவழியில விட்டிருக்கானான்னு கேட்டுப் பாருங்க."

இந்த வாக்கியத்தில் பொய் கிடையாது. அதுதான் இதில் இருக்கிற விஷமம். காலையில் கிளம்பாமல் நின்றால் அது நடுவழியா? இல்லை, வீடு. எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றால்? அது எல்லை. ஒரு தடவை உப்புக்குட்டை வரைக்கும் போய், திரும்பிக் கிளம்ப மறுத்து நான்கு நாள் அங்கேயே நின்றது. அதைக் கேட்டால், "போய்ச் சேந்தாச்சுங்களே, அப்புறம் எப்படிங்க அது நடுவழி?" என்று பொன்னுரங்கம் உண்மையிலேயே ஆச்சரியப்படும்.

வண்டிக்கு ஒரு மெக்கானிக்கும் இருந்தது. நாச்சிமுத்து என்கிற மரங்கொத்தி. தட்டிப் பார்க்கத் தெரிந்தால் மெக்கானிக் ஆகிவிடலாம் என்று கருங்கொம்பையில் எல்லோரும் நம்பினார்கள். நாச்சிமுத்துவும் நம்பியது.

இனி கதையில் யாருக்கு ஆபத்து என்று சொல்ல வேண்டும். பவுனம்மாளுக்கு.

பவுனம்மாள் ஓர் அழுங்கு. அழுங்கு என்றால் எறும்பு தின்று பிழைக்கிற சாதுவான உயிர். வாயில் ஒரு பல் கிடையாது, நாக்கு மட்டும் நீளம். உடம்பு முழுக்கக் கெட்டியான செதில். பயம் வந்தால் சுருண்டு பந்தாகிவிடும், செதில் வெளியே, உயிர் உள்ளே. சிறுத்தை வந்து உருட்டிப் பார்த்துவிட்டு, வாய் வலித்து, போய்விடும். கருங்கொம்பையில் முன்பு நாற்பது அழுங்குகள் இருந்தன. இப்போது பவுனம்மாள் ஒன்றுதான்.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வோர் இனத்திலிருந்தும் ஒருவர், வருடத்துக்கு ஒரு முறை, மேல்மந்தையில் இருக்கிற அலுவலகத்துக்கு நேரில் போய், நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று காட்டி, பதிவேட்டில் 'இருக்கிறது' என்று முத்திரை வாங்க வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் 'அற்றுப்போனது' என்று முத்திரை விழும். அற்றுப்போனவர்களின் வளை வரிசையில் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். விண்ணப்பப் படிவத்தில் பதினோராவது கேள்வி இப்படி இருந்தது: 'விண்ணப்பதாரர் உயிருடன் இல்லையெனில், அதற்கான காரணத்தை விண்ணப்பதாரரே தம் கைப்பட எழுதுக.'

பவுனம்மாளுக்கு இருந்ததெல்லாம் அந்த ஒரு வளைதான். அதன் அம்மா தோண்டியது. ஒரு முள்ளம்பன்றி இரண்டு வருடமாக அதன் வாசலில் வந்து நின்று, காற்றோட்டம் எப்படி என்று விசாரித்துவிட்டுப் போகிறது.

கடைசி நாளுக்கு முந்தைய சாயங்காலம் பொன்னுரங்கம் வளை வாசலுக்கு வந்தது.

"ஏனுங்கக்கா, நாளைக்கு மேல்மந்தைக்குப் போறீங்களாமா?"

"ஆமா தம்பி. ஏழு மணி பஸ்ஸுக்குப் போலாம்னு இருக்கறன்."

"பஸ்ஸுக்கா?"

பொன்னுரங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. "நான் ஒருத்தன் இங்க வண்டியோட இருக்கறன். நீங்க பஸ்ல போனா நாலு பேரு என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"அதில்ல தம்பி. உனக்கு எதுக்குச் சிரமம்."

"சிரமமுங்களா? அவனுக்கு லாங் போறதுன்னா உசுருங்க. பாவம், உள்ளூர்லயே சுத்திச் சுத்தி வெறுத்துப் போயிட்டான். காலைல ஆறு மணிக்குக் கிளம்பறோம், பன்னெண்டுக்கு அங்க இருக்கறோம்."

இந்த இடத்தில் பவுனம்மாள் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். நான்கே எழுத்து. ஆனால் கருங்கொம்பையில் முகத்துக்கு நேராக அந்த நான்கு எழுத்தைச் சொல்வது வழக்கமில்லை. இன்னொரு கரண்டி பாயசம் என்றால் 'கொஞ்சமா' என்பார்கள், தெரியாத கல்யாணத்துக்கு அழைத்தால் 'பார்க்கலாம்' என்பார்கள், பிறகு போய் மொய்யும் எழுதிவிட்டு வருவார்கள். சிறுத்தை வந்தால் சுருண்டுகொள்ளத் தெரிந்த அந்த உயிருக்கு, பிரியமாகப் பேசிக்கொண்டு ஒருவர் வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"சரி தம்பி," என்றது பவுனம்மாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஐராவதத்தின் நான்கு சக்கரத்தின் கீழும் நான்கு எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது. பொன்னுரங்கம் முகப்புக்குச் சந்தனம் பூசியது, குங்குமம் வைத்தது, சூடம் காட்டியது. எண்ணெய் பார்க்கவில்லை. நாச்சிமுத்து வந்து எஞ்சினை மூன்று இடத்தில் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டது.

"எப்படிங்க இருக்குது?" என்றது பவுனம்மாள்.

"தேக்கு."

"தேக்கா?"

"அதாவது, நல்லா இருக்குதுன்னு சொல்ல வந்தேன்."

பொன்னுரங்கம் சாவியைத் திருப்பியது. ஐராவதம் இருமியது. மறுபடி திருப்பியது. இந்த முறை இருமக்கூட இல்லை. "காலைல எந்திரிக்கக் கொஞ்சம் சோம்பேறித்தனம்," என்றது பொன்னுரங்கம், செல்லமாக. காட்டுப்பன்றிகளைக் கூப்பிட்டு வந்து தள்ளுவதற்குள் எட்டு மணி ஆகிவிட்டது. பவுனம்மாளும் இறங்கித் தள்ளியது. வண்டி உருண்டு, உறுமி, புறப்பட்டபோது மூன்று எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான்காவது எப்படியோ உருண்டு ஓடிப் புதரில் விழுந்து பிழைத்துக்கொண்டது. அதற்கு மட்டும் ஏதோ தெரிந்திருக்கிறது.

மேல்மந்தைக்கு இருநூற்று முப்பத்தாறு கிலோமீட்டர். வழி முழுக்க நல்ல ரோடு. பவுனம்மாளுக்கு அது நிம்மதியாக இருந்தது. பொன்னுரங்கத்தின் முகத்தில் மட்டும் போகப் போகக் கவலை ஏறிக்கொண்டே வந்தது.

"என்ன தம்பி, ஒரு மாதிரி இருக்கற?"

"ரோடு இப்படிப் போட்டு வெச்சிருக்கானுங்களே," என்றது பொன்னுரங்கம். "ஒரு குழி இல்ல, ஒரு கல்லு இல்ல. இதுல ஓட்டறதுக்கு இவன் எதுக்குங்க?"

இருபது கிலோமீட்டருக்கு ஒரு முறை ஐராவதம் கொதித்தது. ஒவ்வொரு முறையும் பொன்னுரங்கம் இறங்கித் தண்ணீர் ஊற்றியது. பொன்னுரங்கத்துக்கு அது வண்டி நின்றதாக அர்த்தமில்லை, 'அவன் தண்ணி குடிக்கிறான்' என்று அர்த்தம். நின்றிருந்த நேரத்தில் ஒரு மயிலின் புதுக் கார் சத்தமே இல்லாமல் கடந்து போனது.

"தகரமுங்க," என்றது பொன்னுரங்கம். "உள்ள டிவி வெச்சிருக்கறான். கதவச் சாத்துனா சத்தம் வர்றதில்ல. வண்டின்னு இருந்தா ஒரு சத்தம் வேண்டாமுங்களா? இது இரும்பு. தட்டிப் பாருங்க."

பவுனம்மாள் மரியாதைக்காகத் தட்டிப் பார்த்தது. கையளவு இரும்பு துருவாகி மடியில் விழுந்தது. அதைக் கீழே போடுவதா, திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல், வெகு தூரம் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தது.

வழியில் ஏழு மணி பஸ்ஸையும் முந்தினார்கள். ஆமை மாரப்பன் ஓட்டுகிற பஸ். முப்பதுக்கு மேல் போகாது, முப்பதுக்குக் கீழும் போகாது. ஹாரன் வேலை செய்யாததால் பொன்னுரங்கம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் தானே ஒரு உறுமல் உறுமியது. "பாத்தீங்களாக்கா?" என்றது. பவுனம்மாள் பார்த்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு சீட் காலியாக இருந்தது.

பத்தே முக்காலுக்கு ஒரு காட்டாறு வந்தது. ஆற்றின் மேல் இரண்டு வருடம் முன்பு கட்டிய பாலம் இருந்தது. அகலமான, வெள்ளை அடித்த பாலம். பொன்னுரங்கம் அதைப் பார்த்தது, ஆற்றைப் பார்த்தது. முகம் மலர்ந்துவிட்டது. நான்கு சக்கர இழுவைக்கான கம்பியைப் பிடித்து இழுத்து, வண்டியை ரோட்டிலிருந்து இறக்கியது.

"தம்பி, பாலம் அங்க இருக்குது."

"பாலத்துல எவன் வேணும்னாலும் போவானுங்கக்கா. இவன எதுக்கு வெச்சிருக்கறோம்?"

ஐராவதம் சரிவில் கம்பீரமாக இறங்கியது. தண்ணீருக்குள் கம்பீரமாக நுழைந்தது. ஆற்றின் நடுவில், கம்பீரமாக, நின்றது.

தண்ணீர் கதவிடுக்கு வழியாக, யானைகளின் ஆட்சேபத்தை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பவுனம்மாள் காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டது. சீட்டுக்குள் எறும்புக் கூடு ஒன்று இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பசித்தாலும் சாப்பிடவில்லை, அடுத்தவர் வண்டி.

அப்போது பாலத்தின் மேல் மாரப்பனின் பஸ் வந்து நின்றது.

"பவுனு," என்று ஆமை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டது. "ஏறிக்கறயா? சீட்டு இருக்குது. மூணு மணிக்கு ஆபீசு வாசல்ல எறக்கி உட்டுர்றேன்."

பவுனம்மாள் பஸ்ஸைப் பார்த்தது. பாலத்தின் ஓரத்தில் ஒரு மைல்கல் இருந்தது. ஒரு பக்கம் 'கருங்கொம்பை 118'. இன்னொரு பக்கம் 'மேல்மந்தை 118'. பிறகு பவுனம்மாள் பொன்னுரங்கத்தைப் பார்த்தது. கரடியின் கண் கலங்கியிருந்தது.

"போறதுன்னா போங்கக்கா. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

"ஆனா ஒண்ணுங்கக்கா. நீங்க இப்ப எறங்கிப் போயிட்டீங்கன்னா, ஐராவதம் ஒருத்தர நடுவழியில விட்டுட்டான்னு ஆயிடும். பதினாலு வருசப் பேருங்க."

"நடுவழிதான தம்பி இது," என்றது பவுனம்மாள், மெதுவாக. "கல்லுல போட்டிருக்குதே."

பொன்னுரங்கம் கல்லைப் பார்த்தது. நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தது. குனிந்து தண்ணீரைப் பார்த்தது.

"வழி மேல போகுதுங்கக்கா," என்றது. "நாம வழியிலயே இல்லீங்களே. வழியே இல்லாத எடத்துல நின்னா அது எப்படிங்க நடுவழி ஆகும்?"

பவுனம்மாளால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. மாரப்பனாலும் முடியவில்லை. இந்தக் கதையைப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், என்னாலும் இன்னும் முடியவில்லை. கடைசியில் பவுனம்மாள், "நீங்க போங்கண்ணா, நாங்க பின்னாலயே வந்துர்றோம்," என்றது. பஸ் போய்விட்டது. எனக்கு இந்த இடத்தில் எப்போதும் கோபம் வரும், ஆனால் கரடி மேல் வராது.

பொன்னுரங்கம் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டது. மெக்கானிக் போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மரத்தைத் தட்டி, இரண்டு சத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தது.

"கரண்டு போற டப்பாவோட மூடி ஒடஞ்சு தண்ணி எறங்கியிருக்குது," என்றது. "ஒண்ணும் பெரிய வேலையில்ல. மெல்லிசா, கெட்டியா, சூடு தாங்கற மாதிரி எதயாச்சும் வெச்சு அடைங்க. கரண்டும் பாயக் கூடாது. நகம் மாதிரி ஒரு சாமான் இருந்தாப் போதும்."

பொன்னுரங்கம் வண்டிக்குள் தேடியது. பின்னால் தேடியது. பிறகு திரும்பி, பவுனம்மாளை ஏற இறங்கப் பார்த்தது.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க."

தோள்பட்டைக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த செதில் ஒன்று இருந்தது. எப்படியும் விழப்போவதுதான் என்று பவுனம்மாளே சமாதானம் சொல்லிக்கொண்டது. குறடு வைத்து இழுத்தபோது பல் பிடுங்குகிற மாதிரி வலித்தது. பல்லே இல்லாத உயிருக்கு அந்த ஒப்பு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வலித்தது, அவ்வளவுதான்.

செதில் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஐராவதம் ஒரே திருப்பலில் உயிர் பெற்று ஆற்றை விட்டு ஏறியது. "கம்பெனி சாமான்கூட இப்படி உக்காராதுங்கக்கா," என்றது பொன்னுரங்கம். பவுனம்மாளுக்கு வலியோடு வலியாகக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதை நினைத்து அது பின்னால் பல நாள் வெட்கப்பட்டது.

ஏனென்றால் அதற்குப் பிறகு பொன்னுரங்கத்துக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. ஐராவதத்துக்கு இத்தனை வருடம் கிடைக்காத உதிரி பாகமெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

நூற்று நாற்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர் ஒழுகியது, இரண்டு செதில். நூற்று அறுபதில் கிளட்ச் வழுக்கியது, அதற்கு நான்கு. பிரேக் பிடிக்கவில்லை என்றபோது பவுனம்மாள் தானாகவே முதுகைக் காட்டியது, ஏனென்றால் அப்போது இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். துரு தின்ற முகப்பு மூடி வழியாகத் தூசு உள்ளே போகிறது என்று வரிசை வரிசையாக, ஓடு வேய்கிற மாதிரி, ஒரு முப்பது. ஒவ்வொரு தடவையும் பொன்னுரங்கம் கூச்சத்தோடுதான் கேட்டது. ஒவ்வொரு தடவையும் 'இதுதாங்கக்கா கடைசி' என்றது. அதையும் மனதாரத்தான் சொன்னது. அழுங்கின் உடம்பில் எத்தனை செதில் என்று யாரும் எண்ணி வைத்ததில்லை. இனி ஒன்றும் பாக்கியில்லை என்பது இருநூற்று முப்பதாவது கிலோமீட்டரில் தெரிந்தது.

ஐந்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஐராவதம் மேல்மந்தை அலுவலக வாசலில் போய் நின்றது. தானாகவே நின்றது.

"சொன்னனா இல்லியா?" என்றது பொன்னுரங்கம். "நடுவழியில விட்டானா?"

பவுனம்மாள் இறங்கியது. காற்று உடம்பில் நேராகப் பட்டது. பிறந்ததிலிருந்து அதற்கு அப்படிப் பட்டதில்லை. கூச்சமாக இருந்தது, குளிராக இருந்தது. ஆனாலும் நேரத்துக்கு வந்தாயிற்று, வளை பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனது.

ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் ஓணான் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு 'ஆமாம்' என்று பொருளில்லை. ஓணான் என்று பொருள்.

"கருங்கொம்பை அழுங்குங்க. நேர்ல வந்திருக்கறன்."

ஓணான் பதிவேட்டைப் புரட்டியது. படத்தைப் பார்த்தது, பவுனம்மாளைப் பார்த்தது. "செதில் எங்கே?"

"வண்டியில இருக்குதுங்க."

'செதில் வண்டியில்' என்று ஓணான் எழுதிக்கொண்டது. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வாசலில் மாலை வெயிலில் ஐராவதம் நின்றுகொண்டிருந்தது. முகப்பெல்லாம் செதில். ஓணான் சுற்றி வந்து பார்த்தது. "கூட வந்தவர் யார்?"

"நானுங்க," என்று பொன்னுரங்கம் முன்னால் வந்தது. தன் வண்டியைப் பற்றி ஓர் அதிகாரி விசாரிப்பது அதற்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

"செதில் உண்டு. பார்த்தாயிற்று," என்று ஓணான் ஒரு கட்டத்தில் டிக் போட்டது. "பல் உண்டா?"

பொன்னுரங்கத்துக்குக் கியர் பெட்டி ஞாபகம் வந்தது. இதில் மட்டும் மறைக்க விரும்பவில்லை. "எல்லாம் தேஞ்சு போச்சுங்க சார். ஒரு பல்லுகூடக் கெடையாது."

டிக். "நாக்கு?"

முன்னால் இழுவைக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஓணான் அதைக் காட்டி, எவ்வளவு நீளம் என்றது. "இருபது அடிங்க," என்றது பொன்னுரங்கம். "நல்ல ஆரோக்கியம்," என்று ஓணான் முணுமுணுத்தது. சீட்டை எட்டிப் பார்த்தது, எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. கேட்காமலே டிக் போட்டது.

"ஆபத்து என்று வந்தால் என்ன செய்யும்?"

"அப்படியே நின்னுருவானுங்க சார். யாரு என்ன பண்ணுனாலும் அசைய மாட்டான்."

ஓணான் பதிவேட்டை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டது. "என் சர்வீஸில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திய அழுங்கைப் பார்த்ததில்லை."

"அழுங்கு நானுங்க சார்," என்றது பவுனம்மாள்.

ஓணான் தலையாட்டியது.

பவுனம்மாளுக்கு வேறு வழி தெரியவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே சான்றைக் காட்டியது. அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், சுருண்டு பந்தானது. செதில் இல்லாத பந்து. வெளிறிய, மண் ஒட்டிய, அங்கங்கே ரத்தம் கசிந்த ஓர் உருண்டை.

ஓணான் அதைக் காலால் லேசாக நகர்த்திப் பார்த்தது. "கிழங்கெல்லாம் வேளாண்மைப் பிரிவு," என்றது. "இரண்டாவது மாடி."

மணி ஐந்துக்கு ஐந்து நிமிடம். பவுனம்மாள் அவிழ்ந்து எழுந்து பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்தது.

"தம்பி, முகப்புல இருக்கறத மட்டும் கழட்டிக் குடு. ஒட்ட வெச்சுக் காட்டிர்றேன். வளை போயிருமப்பா."

பொன்னுரங்கம் கெட்டது இல்லை. அதன் முகத்தில் வேதனை நன்றாகத் தெரிந்தது. குறட்டை எடுத்தது, முகப்பு வரை போனது, ஒரு செதிலில் கை வைத்தது. வைத்த கையை எடுத்துவிட்டது.

"இப்ப கழட்டிட்டா திரும்பிப் போறதுக்கு எப்படிங்கக்கா?" என்றது. "போற வழியில நடுவுல நின்னு போயிட்டா?"

ஐந்து மணி அடித்தது. ஓணான் முத்திரையை ஊதி, ஐராவதத்தின் நெற்றியில், சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் நடுவில் குத்தியது. 'இருக்கிறது.'

அதோடு இன்னொன்றையும் சொன்னது. கருங்கொம்பையின் கடைசி அழுங்கு அரிய உயிரினம், அதன் மேல் உட்கார்ந்து போவது குற்றம், அலுவலகமே பத்திரமாகக் கொண்டுபோய் அதன் வளையில் விட்டுவிடும். அதனால் இருவரும் மாரப்பனின் பஸ்ஸில் திரும்பினார்கள். பொன்னுரங்கம் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரர்களிடம் தன் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தது. பாலம் வந்தபோது மாரப்பன் கண்ணாடியில் பவுனம்மாளைப் பார்த்தது. பவுனம்மாள் குனிந்துகொண்டது.

ஒரு வாரத்தில் ஐராவதம் லாரியில் மாலையோடு வந்து இறங்கியது. வளை அதன் பெயருக்கு மாறியிருந்தது. வாசல் சிறியது என்று இடித்துப் பெரிதாக்கி, முன்பாதியை உள்ளே தள்ளி வைத்தார்கள். பின்பாதி வெளியே நின்றது. பவுனம்மாள் அந்தப் பின்பாதிக்குக் கீழே, எண்ணெய் சொட்டாத ஓரமாகப் பார்த்து, படுத்துக்கொண்டது. முள்ளம்பன்றி வந்து பார்த்துவிட்டு, தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கவில்லை என்ற திருப்தியோடு போனது.

"ஒரு விதத்துல இதுவும் நல்லதுதாங்கக்கா," என்று பொன்னுரங்கம் ஆறுதல் சொன்னது. "பழைய வண்டிக்குப் பக்கத்துல யாராச்சும் இருந்துட்டே இருக்கணும்."

அந்த வருடம் முழுக்கப் பவுனம்மாள் ஒரு காரியம் செய்தது. விடியும்போது எழுந்து, எறும்புப் புற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகியது. முதலில் குரல் வரவில்லை. பிறகு வந்தது. கடைசியில் எறும்புகள் பயந்து வேறு வழியாகப் போகிற அளவுக்கு நன்றாகவே வந்தது. பத்தாவது மாதம் அதன் பிடரியில் புதிதாக ஒரு செதில் முளைத்தது. சின்னது, பளபளப்பானது. அதைத் தொட்டுப் பார்த்துப் பவுனம்மாள் அழுதது, சந்தோஷத்தில்தான்.

பதினோராவது மாதம் பொன்னுரங்கம் வந்தது. ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தது.

"அக்கா, நல்லா இருக்கறீங்களா? அடுத்த மாசம் அவன மறுபடியும் நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. நான்தான் கூடப் போறேன், தனியா அனுமதி வாங்கிட்டேன். லாங் பாருங்க, முன்னாடியே ஒண்ணு ரெண்டு மாத்திட்டுக் கிளம்புனா..."

குறட்டின் நுனி தெரிந்தது. கரடியின் கண் கலங்கியிருந்தது.

பவுனம்மாள் எழுந்து நின்றது. இத்தனை மாதம் பழகிய வார்த்தை தொண்டையில் தயாராக இருந்தது. வாயைத் திறந்தது.

"ஒண்ணு போதுமா, தம்பி?"

நீதி: பழைய ஜீப் உங்களை ஒருபோதும் நடுவழியில் விடாது. நடுவழியில் இறங்கவும் விடாது.